விளைச்சலும் உலையும்

பொருளியல் வகுப்பில் உணவுப் பாதுகாப்பு பற்றிய பாடம் நடந்தபோது, "நன்றாக விளைந்தால் நாட்டில் பட்டினி இராது, ஐயா" என்று எழுந்து சொன்னேன். "செம்பாக்கத்தில் என்ன விளைகிறது?" என்று திருப்பிக் கேட்டார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. தாம்பரத்தை அடுத்த எங்கள் தெருவைச் சுற்றி இன்று ஒரு பிடி நெல்லும் விளைவதில்லை. ஆயினும் உலை வைக்காத வீடு இல்லை.

விளைந்த காலமும் உண்டு. செங்கற்பட்டு ஏரிகளின் மாவட்டம். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை என ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குச் சென்று, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையைக் கரை கட்டி நிறுத்தி வைத்த ஏற்பாடு அது. சம்பா அறுத்தபின்னும் ஏரியில் நீர் நின்றால் நவரை. "ஏரியைப் பார்த்துத்தான் உன் அத்தை கல்யாணத்துக்கே நாள் வைத்தோம்" என்பார் என் பாட்டி. எங்கள் காணி நிலம் பின்னர் மனைகளாயிற்று. (2015 டிசம்பரில் வெள்ளம் பழைய வாய்க்காலைத் தேடிக்கொண்டு எங்கள் கூடத்துக்கே வந்தது தனிக்கதை.)

பேராசிரியர் அடுத்து மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டைக் காட்டினார். அங்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். கம்பே முக்கிய உணவு. 2004-இல் வறட்சியும் வெட்டுக்கிளியும் தாக்கின. விளைச்சல் குறைந்தது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. எனினும் 2005-இல் குழந்தைகள் பசியால் மாண்டனர். சந்தையில் தானியம் இருந்தது, வாங்கக் காசில்லை. அறுவடை முடிந்த கையோடு கடனுக்காக மலிவாக விற்ற உழவனே, அடுத்த அறுவடைக்கு முந்திய மாதங்களில் அதே கம்பை ஏறிய விலைக்கு வாங்குகிறான். அப்போது அவன் ஓட்டிச் செல்லும் ஆட்டுக்கோ விலை இல்லை. உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் வழி இருப்பது வேறு என்று அமர்த்தியா சென் 1981-இல் எழுதியது இதைத்தான். விளைவித்தவன் பசித்திருக்க, விளைவிக்காத நான் உண்கிறேன்! என் விடை எவ்வளவு அரைகுறை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

எங்களுக்குள்ள வழி நியாயவிலைக் கடை. 1972-இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், காவிரிப் படுகையில் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லை வாங்கி, அரைத்து அனுப்புகிறது. மத்தியத் தொகுப்பிலிருந்தும் அரிசி வருகிறது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லாமலே கிடைக்கிறது. பாட்டி வரிசையில் நின்று வாங்கி, நான்கு அரிசியை வாயிலிட்டுக் கடித்துப் பார்ப்பார். "எந்த ஊர் நெல்லோ!" என்பார்.

ஆண்டுதோறும் ஜூன் பிறந்தால், 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறப்பார்களா என்று என்னைச் செய்தித்தாள் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். முன்பு ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்து வந்தவர்.