வயல் சிவக்கும் முன்பே அறுத்துவிடுங்கள்: ஏப்ரல் மாதத் தீவன ஆலோசனை

ஜார்ஜியா, அலபாமா பக்கம் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கிரிம்சன் குளோவர் செக்கச்செவேல் என்று பூத்திருக்கிறது. சாலையோரத்தில் நிற்பதைக் கண்குளிரப் பாருங்கள். உங்கள் வயலில் நிற்பது தீவனம். அதற்குக் கெடு நெருங்கிவிட்டது.

உலர்தீவனத்துக்கு வைத்திருப்போர் முதல் பூக்கள் விரியும்போதே அறுக்க வேண்டும். வயல் முழுக்கச் சிவக்கட்டும் என்று பொறுத்தால் எடை கூடும், தண்டில் நாரும் ஏறும், புரதம் இறங்கிவிடும். புல்லைவிட இது மெதுவாகக் காயும். ஆகவே தொடர்ந்து சில நாள் வெயில் இருக்குமா என்று பார்த்துவிட்டு வயலில் இறங்குங்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் நிச்சயம்.

குதிரை வைத்திருப்போருக்குக் கூடுதல் எச்சரிக்கை. பூ முதிர்ந்ததும் அதன் புல்லிவட்டத்து மயிர்கள் விறைத்து முள்போல் ஆகின்றன. அவை குடலில் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகத் திரண்டு வழியை அடைத்துவிடும். குதிரை செத்தும் போகலாம். அமெரிக்க வேளாண்துறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைச் சொல்லிவிட்டது. அறுப்பு தவறிப் பூ காய்ந்துபோனதா? அந்தக் கட்டைக் குதிரைக்குப் போடவே வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று அடுத்தவர் வயல் கட்டை வாங்குமுன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்.

மாடுகளுக்கு வயிறு உப்பும் ஆபத்து வெள்ளைக் குளோவரைவிட இதில் குறைவு. அதற்காகப் பசித்த மாட்டை அப்படியே அவிழ்த்துவிடக் கூடாது. முதலில் கொஞ்சம் உலர்புல் போட்டு, பிறகு மேய விடுங்கள்.

பசுந்தாளாக மடக்க நினைப்போர் மட்டும் பூ நிறையும்வரை பொறுக்கலாம். தழைச்சத்து அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்; நல்ல பயிரில் ஏக்கருக்கு 30 முதல் 65 கிலோ வரை சேரும். மடக்கிய கையோடு சோளமோ பருத்தியோ விதைத்தால் அழுகும் தழையில் பெருகும் பூஞ்சைகள் முளையைத் தாக்கும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

அடுத்த ஆண்டு தானாக முளைக்க வேண்டுமா? ஒரு பகுதியில் பூக்கும்போதே மேய்ச்சலை நிறுத்துங்கள். பூவிலிருந்து விதை முற்ற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். தேனீ நிறைய வந்தால் விதையும் நிறையப் பிடிக்கும். பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவரிடம் சொல்லி வையுங்கள். டிக்சி போன்ற ரகங்களில் உடனே முளைக்காத கடின விதை அதிகம் என்பதால் கோடை மழைக்கு எல்லாம் முளைத்து வீணாகாது. கோடையில் மேலே வளரும் பெர்முடா புல்லை மட்டும் செப்டம்பரில் ஒட்ட மேய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நாற்றுக்கு வெளிச்சம் எட்டாது.