இறுதி ஏற்றமும் நான்கு செக்கன்களும்

உலகப் புகழ்பெற்ற சைக்கிளோட்டப் போட்டி டூர் டி பிரான்ஸ். இது பல கட்டங்களாக நடைபெறும். எல்லாக் கட்டங்களுக்கும் எடுத்த நேரத்தைக் கூட்டும்போது மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் மேலாடை அணிவார். இப்போட்டியில் மலைக்கட்டத்தின் இறுதி ஏற்றம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது? பௌதிகவியல் இதற்கு விடை தருகிறது.

சமதரையில் ஓட்டுபவருக்குப் பெரும் தடை காற்றுதான். இன்னொருவரின் பின்னால் ஒட்டிச் சென்றால் உழைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் வளித்தடை கதியின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. கதி மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 20 ஆகக் குறைந்தால், தடை நான்கில் ஒன்றாகிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் இதுவே நிகழ்கிறது. அங்கே புவியீர்ப்பே பெரும் தடை. முன்னால் செல்பவரின் மறைவு அதற்குப் பெரிதும் உதவாது.

பிரான்சின் அல்ப் துவெஸ் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். நீளம் 13.8 கிலோமீற்றர், கொண்டை ஊசி வளைவுகள் 21, சராசரிச் சரிவு ஏறத்தாழ 8 சதவீதம். ஏற வேண்டிய உயரம் சுமார் 1,100 மீற்றர். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 65 கிலோகிராம் எனக் கொண்டால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறத்தாழ 7 இலட்சம் யூல். அதை 45 நிமிடத்தில் முடிக்க, இடைவிடாது சுமார் 260 வாற்று வலு வேண்டும்.

2024 ஓகஸ்ட் 18 அன்று பெண்களுக்கான டூர் டி பிரான்சின் எட்டாவதும் இறுதியுமான கட்டம் இம்மலையிலேயே முடிந்தது. மஞ்சள் மேலாடை போலந்தின் காஷா நியெவியாடோமாவிடம் இருந்தது. ஐந்தாம் கட்டத்தில் விழுந்து நேரத்தை இழந்திருந்த நெதர்லாந்தின் டெமி வொலரிங் அவரைவிட 1 நிமிடம் 15 செக்கன் பின்தங்கியிருந்தார். அல்ப் துவெசுக்கு முந்தைய கிளாந்தோன் ஏற்றத்திலேயே வொலரிங் முன்னேறிப் பிரிந்தார். நியெவியாடோமா பதறவில்லை, தன் அளவறிந்து ஓட்டினார். அடுத்து வந்த பள்ளத்தாக்கில் வேறு சிலருடன் சேர்ந்து வந்தார். இறுதி ஏற்றத்திலோ அவரவர் கால்களே துணை.

வொலரிங் முதலாவதாக வந்தார். நியெவியாடோமா 61 செக்கன் பின்னால், நான்காவதாக வந்தார். வெற்றிக்கான 10 செக்கன் சலுகையும் வொலரிங்குக்குக் கிடைத்தது. 75 இலிருந்து 71 போக மீதி 4. அந்த நான்கு செக்கன்களால் மஞ்சள் மேலாடை நியெவியாடோமாவிடமே நிலைத்தது. டூர் டி பிரான்ஸ் வரலாற்றில், ஆண்கள் போட்டியையும் சேர்த்து, இதுவே மிகக் குறைந்த வித்தியாசம்.

அன்று நான்காவதாக வந்தவரே முழுப் போட்டியையும் வென்றார். ஒரு தவணைப் பரீட்சையின் இடத்தை மட்டும் பார்த்து மனம் சோரும் மாணவியரும், அதைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோரும் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.