கண்ணீர்ப்புகை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2017 ஜனவரி 23-ல் மெரினாவிலிருந்து ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்கள் வெளியேற்றப்பட்டபோது திருவல்லிக்கேணித் தெருக்களில் கண்ணீர்ப்புகை எழுந்தது. அடுத்த ஆண்டு மே 22-ல் தூத்துக்குடியில், போராட்டக்காரர்கள் மீதான துப்பாக்கிச்சூட்டுக்கு முன்பு அதே புகை. நம் பட்டு நெசவு ஊர்களான முள்ளிப்பட்டிலிருந்தும் ஆரணியிலிருந்தும் படிப்புக்கும் வேலைக்கும் நகரங்களுக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். அறுந்த பட்டிழையைத் தேடிப் பிணைக்கும் நெசவாளர் வீடுகளில் பார்வைதான் சோறு போடுகிறது. கண்ணைப் பற்றிய தவறான யோசனைகளைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நம்பிக்கை: அது ஒரு வாயு, காற்றடித்தால் போய்விடும்.

பெரும்பாலும் பயன்படும் சி.எஸ். என்ற வேதிப்பொருள் வாயு அல்ல, நுண்ணிய தூள். 1928-ல் அதை உருவாக்கிய கார்சன், ஸ்டௌட்டன் என்ற அமெரிக்க வேதியியலாளர்களின் பெயர்களின் முதலெழுத்துகளே சி.எஸ். தூள் என்பதால் அது சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். உடுப்பைக் கழற்றித் தனியே வையுங்கள். தலையை முன்னால் குனிந்து அலசுங்கள். நிமிர்ந்து குளித்தால் முடியிலுள்ள தூள் கண்ணுக்குள் இறங்கும்.

நம்பிக்கை: கண் எரிகிறதென்றால் கண் வெந்துவிட்டது.

வலி நரம்புகள் உடலிலேயே மிக அடர்ந்திருக்கும் இடங்களில் ஒன்று கருவிழிப் படலம். அந்த நரம்புகளிலுள்ள உணர்விகளை இந்தத் தூள் தூண்டுகிறது. உடனே கண்ணீர் பெருகுகிறது, இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்கின்றன. திறக்க முடியாத அந்த நிமிடங்களில்தான் பார்வை போய்விட்டதென்று பலர் அஞ்சுகிறார்கள். நல்ல காற்றுக்கு வந்துவிட்டால் பெரும்பாலோருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் எரிச்சல் தணியும்.

நம்பிக்கை: வெங்காயம், பற்பசை, வினிகர், பால் எல்லாம் மருந்து.

வெங்காயமே கண்ணை எரிய வைப்பது. எரிச்சலோடு எரிச்சலைச் சேர்த்து என்ன பயன்? வினிகர் அமிலம். பற்பசையும் கண்ணை உறுத்தும். பால் கிருமியற்றது அல்ல. மிளகாய்ச் சாற்றுத் தெளிப்பான் தரும் எரிச்சலுக்கு எது நல்லது என்று பார்த்து, 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பால், அமிலமுறிவு மருந்து, குழந்தைகள் ஷாம்பூ ஆகியவற்றைத் தண்ணீரோடு ஒப்பிட்டார்கள். எதுவும் தண்ணீரைவிட மேலானதாக இல்லை. நம் வீடுகளில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணில் விடும் வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் தூள் ஒட்டிக்கொள்ளும்.

சுத்தமான தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் கழுவுவதே வழி. மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாகத் தண்ணீர் ஓடட்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால், கையைக் கழுவிவிட்டு உடனே அகற்றுங்கள்.

நம்பிக்கை: நன்றாகக் கசக்கினால் வெளியே வந்துவிடும்.

இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. கசக்கும்போது துகள் கருவிழியைக் கீறுகிறது. கீறலில் கிருமி புகுந்தால் புண்ணாகி, ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1990-களில் ஆராய்ந்த கருவிழிப் புண் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் கருவிழியில் காயம் பட்டிருந்தது.

நம்பிக்கை: அழ வைக்கும், அவ்வளவுதான். ஆபத்தில்லை.

இதுவும் பொய். 1993-ல் கையெழுத்தான இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை கண்ணீர்ப்புகையைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உள்நாட்டில் கூட்டத்தைக் கலைக்க அனுமதிக்கிறது. மூடிய அறையில் இருப்பவர்களையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் இது கடுமையாகத் தாக்கும். புகையைவிடக் கொடியது அதைச் சுமந்துவரும் குண்டு. நேராக முகத்தில் பட்டால் விழியையே கிழித்துவிடும்.

ஒரு மணி நேரம் கழிந்தும் வலியோ மங்கலோ வெளிச்சக் கூச்சமோ இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். ஆரணி வட்டாரத்தினருக்கு வேலூர் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை எட்டும் தூரம்தான். குண்டு பட்டுக் கண் கிழிந்திருந்தால் மட்டும் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, 108-ஐ அழையுங்கள்.