கோடை விடுமுறையில் என்ன படிக்கலாம்?

ஆண்டுத் தேர்வு முடிந்து பாடநூல்கள் பரணுக்கு ஏறியவுடன், தாய்மார்கள் சிலர் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், லீவுக்குப் பிள்ளை படிக்க நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்களேன்" என்பதே அது. 'நல்ல' என்னும் சொல்லால் அவர்கள் குறிப்பது பெரும்பாலும் பொது அறிவு நூல், ஆங்கில இலக்கணம், அடுத்த வகுப்புக் கணக்கு ஆகியவற்றையே. நான் விடை கூறாமல் திருப்பி ஒன்று கேட்பேன். "யாரும் எதுவும் ஏவாதபோது உங்கள் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பான்?" இதற்கு உடனே விடை கூறும் தாய் அரியர். ஆயினும் புத்தகத் தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பிக்கப்பட்ட விதி, எந்தப் பாடமும் மதிப்பீட்டில் முடிதல் வேண்டும் என்பது. வகுப்பறைக்கு அது சரியே. நானோ அதை விடுமுறைக்கும் நீட்டினேன். 1978-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடநூலுக்குள் காமிக்ஸ் புத்தகம் ஒன்றை ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய பின், இரும்புக்கை மாயாவியை அறியாத பையன் எங்கள் பள்ளியில் இல்லை. நான் அதைப் பறித்துக்கொண்டு, அறநூல் உரை ஒன்றை அவன் கையில் கொடுத்து, "ஜூன் மாதம் வரும்போது பத்துப் பக்கத்தில் சுருக்கம் எழுதி வா" என்றேன். அவன் எழுதியே வந்தான். கையெழுத்தும் நன்றாகவே இருந்தது. நானும் பாராட்டினேன். என் கடமையைச் சரிவரச் செய்துவிட்டதாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

2009-இல் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டேன். நடுவயது, நல்ல உத்தியோகம். பழைய அன்போடு வணங்கி, சிரித்துக்கொண்டே கூறினார்: "டீச்சர், அந்தப் பத்துப் பக்கம் எழுதினேன் பாருங்கள், அதற்கப்புறம் கதைப் புத்தகம் எதையும் நான் தொடவேயில்லை." குறையாக அவர் சொல்லவில்லை; வேடிக்கையாகவே சொன்னார். எனக்கு அன்று பந்தியில் உணவு இறங்கவில்லை.

அதன் பின் நான் கைக்கொண்ட முறைகளையே இங்கு எழுதுகிறேன். இவற்றுள் புதுமை ஏதுமில்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டு இதைப் பற்றியவையே. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைத்தல் வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்கேற்ற வாசகரைச் சென்றடைதல் வேண்டும். பெற்றோர் முதல் விதியை மறந்து இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். நம்மிடம் ஒரு நூல் இருக்கிறது; அதற்கு ஒரு பிள்ளையைத் தேடுகிறோம்.

முதலில், ஒரு நூலை வாங்கி வந்து கொடுத்தல் வேண்டாம். நூலகத்திலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ நான்கைந்து நூல்களைக் கொணர்ந்து பிள்ளையின் முன் பரப்பி வைத்து, அப்பால் சென்றுவிடுக. எதை எடுக்கிறான் என்று ஓரக்கண்ணால் நோக்கினால் போதும். அடுத்தது விரல் கணக்கு. நூலின் நடுவே ஒரு பக்கத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லி, பொருள் விளங்காத சொல் வருந்தோறும் ஒரு விரலை மடக்கச் சொல்க. பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூல் இவ்வாண்டுக்கு உரியதன்று. எடுத்து வைத்து அடுத்த ஆண்டு கொடுக்கலாம். ஒரு விரலும் மடங்காவிடினும் தடையில்லை. விடுமுறையில் எளிய நூலைப் படிப்பது குற்றமாகாது. மூன்றாவதாக, பிடிக்காத நூலைப் பாதியில் விடும் உரிமை பிள்ளைக்கு உண்டு. இதை ஏற்பதற்குப் பெற்றோர்க்கு மிகவும் கடினமாயிருக்கும். "காசு கொடுத்து வாங்கியது" என்பார்கள். நாம் மட்டும் எடுத்த நூலையெல்லாம் முடித்துவிட்டோமா என்ன?

எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறு குழந்தைகளுக்குப் பெரியவர் வாய்விட்டுப் படித்தலே சிறந்தது. அழ. வள்ளியப்பாவின் பாடல்களும், நேஷனல் புக் டிரஸ்டின் படக்கதைகளும் போதுமானவை. அவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே கதையைப் பத்து முறை கேட்பார்கள். நாம்தான் சலிப்படைதல் கூடாது.

எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையே வாசிப்புப் பழக்கம் ஊன்றும் காலமும் உதிரும் காலமும். இப்பருவத்தில் வேகமாக ஓடும் கதை வேண்டும். வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தியின் மந்திரக் கதைகளும் அறிவியல் விளக்க நூல்களும் இன்றும் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கின்றன. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இப்போது வெளிவருவதில்லை. பழைய இதழ்கள் எவர் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் அது பெரும் செல்வம். காமிக்ஸையும் நான் இப்போது தடுப்பதில்லை. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகி தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய 'டோட்டோ சான்' தமிழிலும் கிடைக்கிறது. ஓயாது பேசுகிறாள், வகுப்பைக் கெடுக்கிறாள் என்று ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, பழைய இரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக அமைந்த வேறொரு பள்ளியில் சேர்கிறாள். முதல் நாள் அப்பள்ளித் தலைமையாசிரியர் அவள் பேச்சை நான்கு மணி நேரம் அமர்ந்து கேட்கிறார். நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றியவள். நான்கு நிமிடமாவது ஒரு பிள்ளையை அவ்வாறு கேட்டிருப்பேனா என்று அப்பக்கத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கோ அதில் துயரம் தெரியாது. இரயில் பெட்டி மட்டுமே தெரியும். இரண்டாவது முறை படிக்கும்போது, 1945-இல் குண்டு வீச்சில் அப்பள்ளி எரிந்துபோவதும் மனத்தில் தங்கும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கல்கி. ஆனால் வரிசை தவறக் கூடாது. 2022-இலும் 2023-இலும் திரைப்படமாக வந்தபின் எல்லோரும் பொன்னியின் செல்வனையே முதலில் எடுக்கிறார்கள். ஐந்து பாகங்களைக் கண்டு மலைத்து, முதற் பாகத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அளவிற் சிறியதான பார்த்திபன் கனவில் தொடங்கி, சிவகாமியின் சபதம் வழியாக அங்கே செல்லுதல் எளிது. ஒன்று மட்டும் அருகிருந்து சொல்லுதல் வேண்டும். சிவகாமியின் சபதத்தில் நாகநந்தி என்னும் பௌத்த பிக்கு சூழ்ச்சிக்காரராக வருகிறார். "துறவிகள் எல்லாரும் அக்காலத்தில் இப்படியா, பாட்டி?" என்று என் பேத்தி கேட்டாள். இது புனைகதை என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், மயிலை சீனி. வேங்கடசாமி 1954-இல் எழுதிய 'சமணமும் தமிழும்' நூலை அவளோடு சேர்ந்து புரட்டினேன். பல்லவர் காலத்துச் சமயப் பூசல்களை அவள் இரு பக்கத்திலிருந்தும் அறிந்தாள். முழு நூலையும் அவள் படிக்கவில்லை. நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் எங்கே வருகின்றன என்று மட்டும் தேடினாள். அதுவும் வாசிப்புத்தான்.

ஊர்ப் பெயர் என்றதும் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' நினைவுக்கு வருகிறது. 1946-இல் வெளிவந்த இந்நூலை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. விடுமுறையில் உறவினர் ஊருக்குப் பேருந்தில் செல்லும்போது மடியில் வைத்துக்கொண்டு, வழியில் வரும் பெயர்ப் பலகைகளை நோக்கி, பாக்கம் ஏன், பட்டினம் ஏன், பள்ளி ஏன் என்று தேடலாம். வந்தவாசியிலிருந்து போளூர் வழியாகத் திருமலைக்குச் சென்ற ஒரு நாள், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சன்னலோர இருக்கைக்கு அன்றி இந்நூலுக்குச் சண்டையிட்டார்கள்.

கல்லூரி செல்லும் பருவத்தினர்க்கு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தருக. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவர் மறைவுக்குப் பின் 1950-இல் நூலாயிற்று. தடித்த நூல்தான், ஆயினும் சிறு சிறு அத்தியாயங்கள். முதலிலிருந்து தொடங்காமல், கும்பகோணத்துப் பகுதியில் தொடங்கச் சொல்வது என் வழக்கம். 1880-இல் இருபத்தைந்து வயதுக் கல்லூரி ஆசிரியரான அவர், சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். தாம் படித்த நூல்களையெல்லாம் அடுக்கிச் சொல்ல, முதலியாரோ மதிப்பாக எதுவும் கூறாமல், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அங்கிருந்து தொடங்குகிறது தேடல். சுவடியில் கண்ட சமயச் செய்திகள் விளங்காமல், அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்கே சென்று கேட்டறிகிறார். ஒரு நாள் அத்தகைய இல்லம் ஒன்றில் கோலமும் தோரணமுமாக விழாக்கோலம் கண்டு வினவ, சிந்தாமணி படித்து முடித்த நாள் அது என்று அறிகிறார். தாம் தனியே திகைத்து நின்ற நூலை ஒரு குடும்பம் கூடி அமர்ந்து படித்து வந்திருக்கிறது! 1887-இல் அவர் பதிப்பு வெளிவந்தது. இப்பகுதியைப் படித்த இளைஞர் சிலர் "அப்படி அதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டு வருவதுண்டு. உடனே செய்யுளைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. கருவுற்ற அரசி மயில் வடிவப் பொறியில் ஏறி வானில் தப்புவதையும், சுடுகாட்டில் சீவகன் பிறப்பதையும் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்திவிடுவேன். மீதியை உரைநடைச் சுருக்கத்தில் அவர்களே தேடிக்கொள்வார்கள்.

காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யும் அவ்வாறே பகுதி பகுதியாகப் படிக்கத் தக்கது. 1888-இல் இங்கிலாந்துக்குப் புறப்படுமுன் பேசார்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் முன் அவர் செய்த உறுதிமொழியும், புலால் உண்ணாமல் அங்கே பசியோடு உணவகம் தேடி அலைந்ததும், வெளியூர் விடுதிக்குச் செல்லவிருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தம் கதை போலவே இருக்கும்.

நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். நம் இல்லங்களில் பொழுது சாயுமுன் உணவு முடிந்துவிடுகிறது. மற்ற வீடுகளில் சமையலும் பந்தியுமாகக் கழியும் முன்னிரவு நமக்கு முழுவதும் மிஞ்சுகிறது. என் இளமையில் அந்நேரத்தில் பாட்டனார் ஸ்ரீபுராணம் படிப்பார். நாங்கள் திண்ணையில் படுத்துக் கேட்டுக்கொண்டே உறங்கிவிடுவோம். இன்று அந்நேரத்தைக் கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. பிள்ளையின் கையிலிருந்து அதைப் பறிக்குமுன் பெரியவர்கள் தம் கையிலிருப்பதைக் கீழே வைத்தல் வேண்டும். இதை எழுதும் எனக்கும் இது எளிதாக இல்லை.

திருமண வீட்டில் கண்ட அந்த மாணவர், மறுவாரம் தம் பத்து வயது மகளோடு என் இல்லம் வந்தார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் அவள் அலமாரியின் முன் நெடுநேரம் நின்று, அட்டைப் படத்தைப் பார்த்து டோட்டோ சானை எடுத்தாள்.

"எடுத்துக்கொண்டு போ அம்மா" என்றேன்.

"படித்துவிட்டு எழுதித் தர வேண்டுமா, டீச்சர்?" என்றாள். தந்தை சொல்லியிருப்பார் போலும்.

"வேண்டாம்."

அந்நூல் இன்றுவரை திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை, கடைக்குச் சென்று வேறொரு படி வாங்கி வைத்திருக்கிறேன்.