வாக்கெடுப்புக்கு முன்னால் நடப்பது

அன்புள்ள தம்பிக்கு,

சீனாவின் தேசிய மக்கள் காங்கிரஸ் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். தலையாட்டும் சபை என்று முதல் பத்தியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாய். மீதிப் பக்கமெல்லாம் அதற்குச் சாட்சி தேடியிருக்கிறாய். தீர்ப்பு பெரும்பாலும் சரிதான். 2018 மார்ச்சில் அதிபருக்கு இருந்த இரண்டு தவணை வரம்பை நீக்கியபோது ஆதரவு 2,958, எதிர்ப்பு வெறும் 2. இதை மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வாக்கெடுப்பு என்பது சட்டம் செய்யும் வேலையின் கடைசி நாள். நீ அந்த ஒரு நாளை மட்டுமே பார்த்திருக்கிறாய்.

ஏறக்குறைய 3,000 பிரதிநிதிகள் மார்ச்சில் ஒருமுறை கூடிக் கலைகிறார்கள். ஆண்டு முழுக்கச் சட்டம் செய்வது அதன் நிலைக்குழு. மசோதா இழுபடுவதும் அங்கேதான். சொத்துரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள். 2005-ல் வரைவு வெளியானதும், இது சோசலிசத்துக்கு விரோதம் என்று பெய்ஜிங் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கோங் சியான்தியான் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2006 கூட்டத்துக்கு அந்த மசோதா வரவேயில்லை, 2007-ல்தான் நிறைவேறியது. அமைச்சகங்களும் மாகாணங்களும் கட்சிக்குள்ளேயே எதிரெதிராக நிற்பவர்களும் பேரம் பேசுவது இந்த இடைவெளியில்தான். அடக்க முடியாத அளவுக்கு முற்றினால் மட்டுமே அந்த மோதல் அவையில் தெரியும். 1992-ல் யாங்சி நதியின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு ஆதரவு 1,767, எதிர்ப்பு 177, நடுநிலை 664. எதிர்க்கட்சியே இல்லாத அவையில் மூன்றில் ஒருவர் ஆதரிக்கவில்லை! வியட்நாமின் தேசிய அவை இன்னும் ஒரு படி மேலே போனது. சுமார் 5,600 கோடி டாலர் மதிப்பிட்ட அதிவேக ரயில் திட்டத்துக்கு 2010-ல் ஒப்புதல் தர மறுத்தது.

இதைக் கண்டு மயங்கியும் விடாதே. அங்கே பேரம் பேசுகிறவர்கள் எல்லாரும் உள்ளே இருப்பவர்கள். வெளியே இருப்பவனுக்கு வழி உண்டா என்று கேள். நம் ஊரில் இருந்தது. 1952 தேர்தலில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையிலிருந்தபடியே வென்றார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. இன்று கலைவாணர் அரங்கம் இருக்கும் அரசினர் தோட்டத்தில்தான் அப்போது அவை கூடியது. நீங்கள்தான் என் முதல் எதிரி என்று முதல்வர் ராஜாஜி கம்யூனிஸ்டுகளைப் பார்த்தே சொன்னார். அவர்களும் எதிர் வரிசையில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். எதிர்த்து உட்கார ஒரு வரிசை இருப்பதை நான் உயிராக மதிக்கிறேன்.

தி. நகரில் வைத்தியராமன் தெருவில் அதே ராமமூர்த்தி பெயரில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகம் இருக்கிறது. சிவாஜி கணேசன் சாலையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பாலன் இல்லம் இருக்கிறது. இரண்டுக்கும் போ. அந்த வரிசையால் இங்கே என்ன சாதித்தீர்கள், அது இல்லாத நாட்டில் உழைப்பாளியின் குறை எப்படி அவைக்கு வந்து சேரும் என்று பெரியவர்களிடம் பணிவாகக் கேள். பதிலை வெட்டாமல் எழுது.

சீன மக்கள் காங்கிரசின் நிலைக்குழு ஆண்டுதோறும் சட்டமியற்றும் திட்டம் வெளியிடுகிறது. சென்ற ஆண்டுத் திட்டத்தையும் இந்த ஆண்டுத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. நிறைவேறாமலே காணாமல் போன மசோதா ஏதாவது இருந்தால், உன் அடுத்த கட்டுரையை அதிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
அண்ணன்
மயிலாப்பூர்