ஒட்டியதும் உடையும் தமிழ்: கணினிக்குள் நடப்பது என்ன?

மாணவர்களே, இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள்.

பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் ஒரு தாத்தா. இப்போது சுங்கைப்பட்டாணியில் தாமான் வீட்டில் இருக்கிறார். பெரட்டு, பால்மரம், மங்கு, ஒட்டுப்பால் என்று அவர் சொன்ன தோட்டக் கதைகளைச் சித்தப்பா 1990களில் கணினியில் தட்டெழுதி வைத்திருந்தார். படிவம் மூன்றில் படிக்கும் பேத்தி, சித்தப்பாவின் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, அப்படியே நகலெடுத்து, பள்ளியின் இணைய இதழில் ஒட்டினாள். அந்தக் கணினியில் எல்லாம் அழகான தமிழ். ஆனால் தாத்தா தம் கைப்பேசியில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரிந்தன. அவர் கதையை அவராலேயே படிக்க முடியவில்லை.

கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடலாமா? கூடவே கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

எழுத்துக்கு ஓர் எண்

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் தரும் அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர். இன்று உலகம் முழுவதும் பயன்படும் அட்டவணை யூனிகோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது.

நம் கெடாவின் பழம்பெயரான ‘கடாரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது இப்படி இருக்கும்:

க 2965, ட 2975, துணைக்கால் 3006, ர 2992, ம 2990, புள்ளி 3021.

கண்ணுக்கு நான்கு எழுத்துகள். கணினிக்கு ஆறு எண்கள். துணைக்காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் உண்டு.

இரவல் இடங்கள்

யூனிகோட் பரவுவதற்கு முன்பு, ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியவை. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு வழி கண்டார்கள். இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்தது. அதில் ‘கடாரம்’ என்று தட்டினால் கணினி சேமிப்பது எஃப், எல், எச், யூ, கே, அரைப்புள்ளி. அதாவது 102, 108, 104, 117, 107, 59. பாமினி இருக்கும் கணினியில் இது தமிழாகத் தெரியும். அது இல்லாத கைப்பேசியில் ஆங்கிலமாகத் தெரியும்.

திஸ்கி என்ற குறியாக்கம் முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, மேல்பாதியில் தமிழை வைத்தது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளிலும் அது பயன்பட்டது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற வேறு அட்டவணைகளை அறிவித்து, 2010இல் யூனிகோடை ஏற்றது.

எனவே தாத்தாவின் கதை அழியவில்லை. எண்கள் அப்படியே இருக்கின்றன, அட்டவணைதான் மாறிவிட்டது. எந்த எழுத்துருவில் தட்டினார்கள் என்று தெரிந்தால், குறியாக்க மாற்றி என்னும் மென்பொருள் பழைய எண்களை யூனிகோட் எண்களாக மாற்றித் தரும்.

மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘கெடா’ என்பதில் பழைய எழுத்துருக்கள் கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் சேமித்தன. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால். மாற்றி இதைக் கவனிக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

எழுத்தோடு வரும் உடை

யூனிகோடில் தட்டிய கட்டுரைக்கும் ஒரு சிக்கல் உண்டு. வேர்ட் போன்ற சொற்செயலியில் நகலெடுக்கும்போது எழுத்து மட்டும் வருவதில்லை. எழுத்துருவின் பெயர், அளவு, நிறம், வரி இடைவெளி ஆகியவையும் மறைவாகக் கூடவே வருகின்றன. இதை எழுத்தின் ‘உடை’ என்று வைத்துக்கொள்வோம். சித்தப்பாவின் கணினியில் தமிழ் சரியாகத் தெரிந்ததற்கு, எழுத்துருவின் பெயர் இப்படி ஒட்டிக்கொண்டு வந்ததே காரணம்.

கறுப்பு நிறமும் அப்படி ஒட்டிக்கொண்டு வந்தால், இருண்ட பின்னணியில் படிப்பவருக்கு எழுத்தே தெரியாது. படத்தையும் சேர்த்து ஒட்டினால், சில வேளைகளில் படம் வராமல் உங்கள் கணினிக் கோப்புறையின் முகவரி மட்டுமே போய்ச் சேரும். மற்றவர் பார்க்கும்போது வெற்றுக் கட்டம்தான் இருக்கும்.

மேற்கோள் குறியிலும் கவனம் தேவை. நேர்க்குறியின் எண் 34. சொற்செயலி அதைத் தானாகவே வளைந்த குறிகளாக, அதாவது 8220, 8221 ஆக மாற்றிவிடும். கட்டுரையில் இது அழகு. பைதான் நிரலில் ஒட்டினால் பிழை.

என்ன செய்யலாம்?

1. ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெரும்பாலான உலாவிகளில் உடை கழன்று எழுத்து மட்டும் வரும். எண்கள் மாறா, ஆகவே வளைந்த குறிகளை நீங்களே திருத்த வேண்டும்.
2. தலைப்பு, தடித்த எழுத்து ஆகியவற்றை இணையப் பக்கத்திலேயே அமையுங்கள்.
3. படங்களைத் தனியே பதிவேற்றுங்கள்.
4. வெளியிடும் முன் வேறொருவர் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.
5. பழைய கோப்பை மாற்றும்போது நகலில் மாற்றுங்கள். மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் பழைய தமிழ்க் கோப்பு இருந்தால், அதிலிருந்து ஒரு வரியை நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே இருந்தால் அது யூனிகோட். ஆங்கில எழுத்துகளோ புரியாத குறிகளோ வந்தால் பழைய குறியாக்கம், மாற்றி தேவை.

ஒரு கேள்வி: மேலே தந்த எண்களை மட்டும் கொண்டு ‘மரம்’ என்ற சொல்லை எழுதுங்கள்.

(விடை: 2990, 2992, 2990, 3021)