உணவை மறுத்த மணிப்பூர்ப் பெண்

உண்ணாவிரதம் என்றதும் நமக்குக் காந்தியடிகளும், தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956இல் உயிர்நீத்த சங்கரலிங்கனாரும் நினைவுக்கு வருவார்கள். நம் காலத்திலேயே ஏறத்தாழ 16 ஆண்டுகள் உணவை மறுத்தவர் இரோம் சர்மிளா. நம் பிள்ளைகள் இவரையும் அறிந்திருக்க வேண்டும்.

2000 நவம்பர் 2 அன்று, மணிப்பூரில் இம்பாலுக்கு அருகே மாலோம் என்ற ஊரில், பேருந்துக்காகக் காத்திருந்த பொதுமக்கள் பத்துப் பேர் துணை இராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களுள் 62 வயது மூதாட்டியும் உண்டு; வீரச் செயலுக்காகச் சிறுவயதில் தேசிய விருது பெற்ற 18 வயது இளைஞரும் உண்டு. சில நாட்களில் சர்மிளா உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28.

அவர் நீக்கக் கோரியது, 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை அடக்க 1942இல் ஆங்கிலேய அரசு பிறப்பித்த அவசரச் சட்டமே இதற்கு முன்மாதிரி. கலவரப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில், எச்சரித்த பின் உயிர்போகும்படி சுடவும், பிடியாணையின்றிக் கைது செய்யவும் இது படையினருக்கு அதிகாரம் தருகிறது. ஆறாம் பிரிவின்படி, மத்திய அரசின் முன் அனுமதியின்றி அவர்கள்மீது வழக்குத் தொடர முடியாது.

நான் ரயில்வேயில் பணியாற்றியவன். பெரிய விபத்து நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் உள்ளவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் உள்ளவர். தன் துறையின் தவறைத் தானே விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சர்மிளா கேட்டதும் இந்த நியாயத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது. ஆயுதக் குழுக்கள் நடமாடும் இடத்தில் படைவீரரின் உயிருக்கும் ஆபத்து உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் உயிர் போனால் 'ஏன்?' என்று கேட்க வெளியார் ஒருவர் வேண்டும்.

தற்கொலை முயற்சி என்று அவரைக் கைது செய்தார்கள். அக்குற்றத்திற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. எனவே விடுவிப்பதும் மீண்டும் கைது செய்வதுமாக ஆண்டுகள் ஓடின. மருத்துவமனையில் காவலில் வைத்து, மூக்கில் குழாய் செருகித் திரவ உணவு செலுத்தினார்கள்.

2013இல் உச்ச நீதிமன்றம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர், கர்நாடகத்தின் முன்னாள் லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டே. மணிப்பூரின் வேறு ஆறு 'மோதல்' நிகழ்வுகளை ஆராய்ந்த அக்குழு, ஆறுமே உண்மையான மோதல்கள் அல்ல என்றது. கலவரப் பகுதியிலும் மிகையான பலப்பிரயோகம் கூடாது என்று 2016 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2016 ஆகஸ்ட் 9 அன்று தேனைச் சுவைத்து அவர் விரதத்தை முடித்தார். 2017 தேர்தலில் முதலமைச்சரை எதிர்த்து நின்று 90 வாக்குகளே பெற்றார். அவ்வாண்டே நம் கொடைக்கானலில் திருமணம். 2019இல் அன்னையர் தினத்தன்று நம் பெங்களூரில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன.

அச்சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. மணிப்பூரின் சில காவல் நிலைய எல்லைகளிலிருந்து 2022இல் விலக்கப்பட்டு, 2024 நவம்பரில் ஆறு எல்லைகளில் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

பெற்றோர்களே, இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியபின் ஒன்று கேளுங்கள்: 90 வாக்குகள்தாம் கிடைத்தன என்பதால் அவர் கேட்ட கேள்வி தவறாகிவிடுமா? அவர்கள் சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேளுங்கள்.